தோட்டத்திலிருந்து பிரேசர் மலைக்குக் கப்சாயில்: வார இறுதிப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

தினமும் வேலைக்கு ஓட்டும், கப்சாய் என்னும் 100 முதல் 150 சிசி சிறிய மோட்டார் சைக்கிளிலேயே பகாங் மாநிலத்தின் பிரேசர் மலைக்குப் போய், ஓர் இரவு தங்கித் திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். பெரிய மோட்டார் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மலைச்சாலையில் 40, 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது.

புறப்படும் ஊராகச் சிலிம் ரிவரை வைத்துக்கொண்டோம். பீடோர், சுங்காய், துரோலாக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்களும் அதே பழைய கூட்டரசுச் சாலையில் தெற்கே இறங்கி வந்தால் இந்த வழியில் சேர்ந்துகொள்ளலாம். சிலிம் ரிவரிலிருந்து மலை உச்சிக்கு ஒரு வழி ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். அந்தத் தடுமாற்றத்துக்கு விதை, இரண்டு வாரத்துக்கு முன் பார்க்காமல் விட்ட பிரேக்கிலோ, தாமதமாகக் கிளம்பிய சனிக்கிழமையிலோ இருக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, குளித்து, இரண்டு மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் பலரும் திட்டம் போடுகிறார்கள். இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள். தித்திவங்சா மலைத்தொடரில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். இரண்டு மணிக்குக் கிளம்பினால் மலைச்சாலையில் ஏறும் நேரமும் மழை நேரமும் ஒன்றாகிவிடும். மழைக்கு ஒதுங்கி நின்றால் இருட்டிவிடும். சூரியன் ஏழு மணிக்கு மேல் மறைந்தாலும், காட்டுக்குள் ஆறரைக்கே வெளிச்சம் போய்விடும்.

சனிக்கிழமைக்கு முன்கூட்டியே விடுப்புக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை பொது விடுமுறை வரும் வாரத்தைப் பார்த்து, ஞாயிறு காலை ஏறித் திங்கள் காலை இறங்குங்கள். பள்ளி விடுமுறை வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. அறை கிடைப்பது சிரமம், சாலையிலும் கார்கள் நிறைந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை அதிகம், மண்சரிவும் அப்போதுதான் கூடுதலாக நடக்கும். முதல் பயணத்துக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

நாள் முடிவானவுடன் அறையைப் பதிவு செய்துவிடுங்கள். மேலே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று ஏறி, இடம் கிடைக்காமல் அந்தி நேரத்தில் இறங்குவதைவிட ஆபத்தான காரியம் இந்தப் பயணத்தில் வேறில்லை. பதிவு செய்யும்போதே மோட்டாரை எங்கே நிறுத்தலாம், இரவுச் சாப்பாடு எத்தனை மணி வரை கிடைக்கும் என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இரண்டு வாரத்துக்கு முன்: தோட்டத்து மோட்டாரை மலைக்குத் தயார்செய்தல்

தோட்டத்தில் ஓடும் மோட்டாருக்கென்றே சில குறைகள் உண்டு. செம்மண் தூசி டிரம்முக்குள் போய்ப் படியும். சங்கிலியில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி, பல்சக்கரத்தை அரத்தைப் போல அராவும். மண் சாலைக்காகப் போட்ட பெரிய கட்டை டயர், ஈரமான தார்ச்சாலையில் வழுக்கும். பட்டறைக்காரர் வழக்கமான சர்வீஸ் செய்தால் எண்ணெயை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார். கீழே சொல்வதையெல்லாம் நீங்கள் கேட்டுத்தான் செய்ய வைக்க வேண்டும்.

இரண்டு வாரம் முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிய பிரேக் ஷூவும் புதிய டயரும் மாட்டிய அன்றே சரியாகப் பிடிக்காது. ஷூ டிரம்மோடு ஒத்துப் படியவும், டயரின் மேல்பளபளப்பு தேயவும் 100, 150 கிலோமீட்டர் ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு மாற்றிச் சனிக்கிழமை மலை ஏறுபவர்கள், மாற்றாத மோட்டாரைவிட மோசமான பிரேக்கோடு போகிறார்கள்.

பிரேக்: ஹோண்டா ஈஎக்ஸ்5 போல இருபக்கமும் டிரம் உள்ள மோட்டாரில், சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் தூசியைத் துடைக்கச் சொல்லுங்கள். ஊதிவிட வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. பிரேக்கை அழுத்தும்போது டிரம் மூடியில் உள்ள அம்புக்குறி எல்லைக் குறியைத் தொட்டால் ஷூவை மாற்றியே ஆக வேண்டும். கைப்பிடியில் 10 முதல் 20 மில்லிமீட்டர், கால்மிதியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். பிடி குறைகிறதே என்று அதற்கும் குறைவாக இறுக்கிவிட்டால், ஷூ எப்போதும் உரசிச் சூடேறும்.

டிஸ்க் பிரேக் இருந்தால் பேடின் கனத்தைப் பாருங்கள். அதைவிட முக்கியம் பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த எண்ணெய் நீண்ட இறக்கத்தில் கொதித்துக் குமிழி விடும், கைப்பிடி வெறுமனே உள்ளே போகும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தாலோ, எப்போது மாற்றினோம் என்று நினைவில்லை என்றாலோ மாற்றிவிடுங்கள். எந்த வகை எண்ணெய், டாட் 3 வேண்டுமா, டாட் 4 வேண்டுமா என்பது மோட்டாரிலுள்ள பிரேக் எண்ணெய்க் குப்பியின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

டயர்: கட்டை டயர் என்றால் சாதாரண சாலை டயருக்கு மாறுங்கள். ஈஎக்ஸ்5க்கு முன்னால் 2.25-17, பின்னால் 2.50-17. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1824 என்றால் 2024ஆம் ஆண்டின் 18வது வாரம் செய்தது. டயரின் பூ (மேல்வரிகள்) நிறைய இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டிய டயர் இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. கடையில் 'புது டயர்' என்று தருவதிலும் இந்த எண்ணைப் பாருங்கள்.

காற்று: பல கப்சாய்களுக்கு முன்னால் 29 பிஎஸ்ஐ, தனியாகப் போனால் பின்னால் 33, ஆள் ஏற்றினால் 41. உங்கள் மோட்டாரின் அளவு சங்கிலி மூடியிலோ பின்கையிலோ ஒட்டியிருக்கும், அதுவே முடிவு. காலையில் ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

சங்கிலி: நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் சங்கிலி இன்னும் இறுகும், அதனால் கம்பிபோல இழுத்து வைக்காதீர்கள். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். திருப்பி மாட்டிய கிளிப் ஏதாவது பட்டால் கழன்றுவிடும். தோட்ட வேலைக்காகப் பின்பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றியிருந்தால் அப்படியே இருக்கட்டும். மலைக்கு அது உதவும், சமதளத்தில் மட்டும் மெதுவாகப் போங்கள்.

மற்றவை: எஞ்சின் எண்ணெய், முன் பின் விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன். ஹாரனை அலட்சியமாக விடாதீர்கள். குருட்டு வளைவில் அதுதான் உங்கள் குரல். கார்புரேட்டர் மோட்டாரில் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டாம். மேலே காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சின் பலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான்.

3. பத்திரங்கள், பணம், பெட்ரோல்

மைகாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ், சாலை வரி, காப்புறுதி ஆகியவை செல்லுபடியாகும் தேதியில் இருக்கின்றனவா என்று சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் பாருங்கள். மலைச்சாலையில் பல இடங்களில் கைப்பேசிச் சமிக்ஞை இருக்காது, அதனால் அந்தப் பக்கங்களைப் படமாகச் சேமித்து வையுங்கள். அறைப் பதிவையும் வரைபடத்தையும் அப்படியே.

பணம் ரொக்கமாக இருக்கட்டும். மேலே சின்னக் கடைகளில் கைப்பேசி வழிக் கட்டணத்தை நம்ப வேண்டாம்.

பிரேசர் மலையில் பெட்ரோல் நிலையம் கிடையாது. கடைசியாக நிரப்பும் இடம் கோலகுபு பாரு. சிலிம் ரிவரில் நிரப்பிவிட்டோமே என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். கப்சாயின் தொட்டி நான்கு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். கோலகுபு பாருவிலிருந்து ஏறி, மேலே சுற்றி, மறுபடி அங்கேயே இறங்க ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஏற்றத்தில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால் இரண்டரை லிட்டர். முழுத் தொட்டி போதும், முக்கால் தொட்டி கவலை. பாட்டிலில் பெட்ரோல் எடுத்துப் பையில் போட வேண்டாம்.

4. உடுப்பு

ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓட்டும் பழக்கத்தை ஊரோடு விட்டுவிடுங்கள். மலையில் முதுகு திறந்திருந்தால் வியர்வையில் நனைந்த சட்டையில் குளிர் ஏறும், விழுந்தால் முதுகுத் தோல் போகும். நேராக மாட்டி, கழுத்துவரை ஜிப்பை ஏற்றுங்கள்.

சிலிப்பர் கூடாது. கணுக்காலை மூடும் காலணி வேண்டும். தோட்டத்து ரப்பர் பூட்ஸ் மழைக்கு நல்லதுதான், ஆனால் அதன் தடித்த முனை கியர் மிதிக்குக் கீழே சிக்கும். கையுறை கட்டாயம், விழும் மனிதன் முதலில் ஊன்றுவது கையை.

மழைச்சட்டை சட்டை, கால்சட்டை என்று இரண்டு துண்டாக இருக்கட்டும். போர்வைபோல மேலே போடும் ஒற்றைத் துண்டு போன்ச்சோ காற்றில் பறந்து சங்கிலியிலோ பின்சக்கரத்திலோ மாட்டும். ஒரு அளவு பெரிதாக வாங்கினால் ஜாக்கெட்டுக்கு மேல் எளிதில் போடலாம். வானம் கறுத்தவுடனே நின்று போட்டுவிடுங்கள். நனைந்த பிறகு போட்டால் உள்ளே ஈரம் அடைபட்டு உடம்பு நடுங்கும், நடுங்கும் கைக்குப் பிரேக்கின் அழுத்தம் தெரியாது.

ஹெல்மெட் கண்ணாடி தெளிவான நிறத்தில் இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடியோடு மூடுபனிக்குள் போனால் பள்ளமும் இலையும் ஒன்றாகத் தெரியும்.

5. சுமையும் கருவிகளும்

ஓர் இரவுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ போதும். கனமானதைக் கீழே, முன்னால், கூடையில் அல்லது கால்களுக்கிடையே வையுங்கள். பின் கேரியரில் உயரமாகக் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் இலேசாகி, வளைவில் நினைத்த பக்கம் திரும்பாது. கட்டும் ரப்பர் கயிற்றின் தொங்கும் முனையை முடிச்சுப் போட்டு உள்ளே செருகுங்கள்.

எடுக்க வேண்டிய கருவிகள்: பிளக் ஸ்பேனரும் ஒரு புதுப் பிளக்கும், 10, 12, 14 ஸ்பேனர்கள், பின்சக்கர அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பிளையர், டயர் நெம்பும் கம்பி இரண்டு, ஒரு டியூப், சிறு காற்றுப் பம்பு, ஃபியூஸ், சங்கிலி இணைப்புக் கண்ணி, மெல்லிய கம்பி, டேப். தோட்டத்தில் மோட்டார் நின்றால் யாராவது வந்து இழுத்துப் போவார்கள். வழியில் வரும் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டுக்கு மேலே கடை இல்லை, சமிக்ஞை பல இடங்களில் இல்லை. டியூப் மாற்றத் தெரியாதவர் போவதற்கு முன் ஒருமுறை வீட்டு வாசலில் கழற்றி மாட்டிப் பழகட்டும்.

6. கூட்டமாகப் போனால்

நான்கு, ஐந்து மோட்டாருக்கு மேல் வேண்டாம். வழி தெரிந்தவர் முன்னால், பலம் குறைந்த மோட்டார் இரண்டாவது, கருவி வைத்திருக்கும் அனுபவசாலி கடைசி. பலம் குறைந்ததைக் கடைசியில் விட்டால் அவர் எட்டிப் பிடிக்க முயன்று வளைவில் வேகம் எடுப்பார். அப்படி விழுந்தவர்கள் நிறைய.

பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு ஓட்டாதீர்கள். எங்கே நின்று சேர்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்: தஞ்சோங் மாலிம், கோலகுபு பாரு, அணைக்கட்டு, கேப் (மலைக்குப் பிரியும் எல்லைச் சந்திப்பு). வளைவில் யாருக்காகவும் நிற்க வேண்டாம்.

7. சிலிம் ரிவரிலிருந்து கோலகுபு பாரு வரை

பொழுது விடிந்ததும், ஏழு மணிக்குக் கிளம்புங்கள். நெடுஞ்சாலையில் மோட்டாருக்குக் கட்டணம் இல்லைதான். ஆனாலும் 70இல் போகும் கப்சாயை 110இல் பேருந்து கடந்தால் அடிக்கும் காற்றுக்கு வண்டி ஆடும். பழைய சாலையே நல்லது: பேராங், தஞ்சோங் மாலிம், பெர்ணம் ஆற்றைக் கடந்து சிலாங்கூரில் கலும்பாங், கெர்லிங்.

இந்தச் சமதளத்தில் கவனிக்க வேண்டியது செம்பனை லோரி. குலையிலிருந்து சிதறும் உதிரிப்பழம் நசுங்கினால் தார் எண்ணெய்ப் பிசுக்காகும். தோட்டச் சாலை வந்து சேரும் சந்திப்பில் லோரி டயர் கொண்டுவந்த செம்மண் மழைக்குப் பின் சேறாக இருக்கும். இரண்டையும் தினமும் பார்க்கிறவர்கள்தான் நாம். ஆனால் தோட்டத்துக்குள் 30இல் பார்ப்பதும் பெரிய சாலையில் 70இல் சந்திப்பதும் ஒன்றல்ல.

கெர்லிங் தாண்டி, கோலகுபு பாருவுக்கு இடப்பக்கம் திரும்புங்கள். இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பசியாறுங்கள், தொட்டியை விளிம்புவரை நிரப்புங்கள், கழிப்பறை போய் வாருங்கள். மோட்டாரைச் சுற்றி வந்து கட்டிய கயிறு, சங்கிலி, எண்ணெய்க் கசிவு பாருங்கள். 'கேப்பில் இருக்கிறோம்', 'மேலே சேர்ந்துவிட்டோம்' என்று வீட்டுக்கு எத்தனை மணிக்குச் சொல்வீர்கள் என்பதை இங்கிருந்தே சொல்லிவிடுங்கள். பிறகு வழியில் பல இடங்களில் அழைப்பு போகாது.

8. கோலகுபு பாருவிலிருந்து கேப் வரை

இது 55ஆம் எண் கூட்டரசுச் சாலை. சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டைச் சுற்றி ஏறி, பெர்தாக் தாண்டிக் காட்டுக்குள் நுழையும். வார இறுதியில் பெர்தாக், சிலிங் ஆற்றுப் பக்கம் குளிக்க வருபவர்களின் கார்கள் சாலையோரம் நிற்கும், கதவு திறக்கும், பிள்ளைகள் ஓடுவார்கள். மிதிவண்டிக்காரர்கள் கூட்டமாக ஏறுவார்கள். பெரிய மோட்டார்கள் எதிரே வேகமாக வரும்.

வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள். வளைவின் நடுவில் எஞ்சின் திணறிய பிறகு குறைத்தால் பின்சக்கரம் உதறும். பெரும்பாலான இடத்துக்கு மூன்றாவது, கூர்வளைவுக்கு இரண்டாவது. நான்காவதில் முக்கிக்கொண்டு ஏறுவது பெட்ரோலை மிச்சப்படுத்தாது, எஞ்சினைச் சூடாக்கும்.

இடப்பக்க வளைவுதான் நம் நாட்டில் உயிரை எடுக்கும். வேகம் கூடினால் வண்டி வெளியே விலகி, நேராக எதிர்த் தடத்துக்குப் போய்விடும். மெதுவாக நுழைந்து, வளைவு முடியும் இடத்தைப் பார்த்துத் திருப்புங்கள். கண் போகும் இடத்துக்கே வண்டி போகும். எதிரே வரும் லோரியையே பார்த்தால் லோரியை நோக்கியே போவீர்கள். வலப்பக்க வளைவிலும் இடது ஓரத்தை விடாதீர்கள். அதே சமயம் கடைசி விளிம்புக்கும் போகாதீர்கள், அங்கே பாசி, ஈர இலை, மேலிருந்து உருண்ட சரளை இருக்கும். எதிரே தெரியாத வளைவில் ஒரு சிறு ஹாரன்.

எஞ்சின் சூடானால் நின்று ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான உலோகம் விரிசல் விடும்.

9. கேப்பிலிருந்து உச்சிக்கு

சிலாங்கூர், பகாங் எல்லையில் இருக்கும் கேப்பில் நேராகப் போனால் ரவூப். மலைக்கு இங்கிருந்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். ஏறவும் இறங்கவும் பழையது, புதியது என்று இரண்டு சாலைகள். பழையது மிகக் குறுகல், எதிரெதிரே இரண்டு கார் ஒதுங்க இடமில்லை, அதனால்தான் ஒருவழி. மண்சரிவில் ஒரு சாலை மூடப்பட்டால், மற்றதிலேயே ஏற ஒரு நேரம், இறங்க ஒரு நேரம் என்று பிரித்து விடுவார்கள். போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல், அன்றைக்கு அங்குள்ள பலகையைப் படித்துப் போங்கள்.

மோட்டார்தானே, ஓரமாகப் போய்விடலாம் என்று எதிர்த்திசையில் நுழைபவர்கள் இருக்கிறார்கள். எதிரே வருபவரோ தன் எதிரில் யாரும் இல்லை என்று நம்பி முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு வருவார். இடமே இல்லாத வளைவில் இருவரும் சந்திப்பீர்கள்.

10. மேலே

பதினொரு மணிக்குள் சேர்ந்துவிடலாம். அறை பிற்பகலில்தான் கிடைக்கும் என்றாலும் பையைக் கொடுத்து வைத்துவிட்டு நடக்கலாம்.

கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். இரவில் வெப்பநிலை 17, 18 பாகைக்கு இறங்கும். இங்கே வருபவர்களில் பலர் பறவை பார்க்கக் காலை ஆறரைக்கே சாலையோரம் கேமராவோடு நிற்பவர்கள். எஞ்சினை முறுக்கிச் சத்தம் காட்டாதீர்கள். சத்தமான சைலென்சர் மாட்டியிருந்தால் கிளம்பும் முன்பே பழையதை மாட்டிவிடுங்கள். அமைதிக்காகத்தான் இந்த மலைக்கு வருகிறோம், அதை நாமே கெடுத்துவிட்டால் பிறகு வர இடமில்லை.

மணிக்கூண்டைச் சுற்றிய பகுதி சின்னது, நடந்தே பார்த்துவிடலாம். ஹெம்மன்ட் பாதை புதியவர்களுக்கு ஏற்ற குறுகிய காட்டு நடை, மழைக்குப் பின் அட்டைப்பூச்சி உண்டு. சாப்பாட்டுக் கடைகள் சீக்கிரம் மூடும், ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

ஈரமான கையுறையும் ஹெல்மெட்டும் அறைக்குள் காயட்டும். மழைச்சட்டையை எஞ்சின்மேல் போட்டுக் காய வைத்தால் உருகி ஒட்டும். வெளியே உணவுப் பை எதையும் மோட்டாரில் விடாதீர்கள், குரங்கு இருக்கையையே கிழித்துவிடும்.

11. இறக்கம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் இறங்குங்கள். அதற்கு முன் பனி விலகியிருக்காது, அதற்குப் பின் மழை நெருங்கும். இரவு முழுக்க ஈரத்தில் நின்ற டிரம்மில் மெல்லிய துரு படர்ந்திருக்கும். வாசலிலேயே மெதுவாக ஓட்டி, முன்னும் பின்னும் நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆக்சிலரேட்டரை மூடி இரண்டாவது, மூன்றாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் வளைவுக்கு மட்டும் மிஞ்சும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் 40 கிலோமீட்டர் இறக்கத்தின் முழுச் சூடும் அந்தச் சிறு டிரம்மில் சேரும். சூடேறிய ஷூ பிடிப்பை இழக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும்.

பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டுவதும், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் இன்றும் நடக்கிறது. மிச்சம் எதுவும் இல்லை. இன்ஜெக்ஷன் மோட்டாரில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை மூடினால் பெட்ரோல் தெளிப்பே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் ஓடுவதற்குப் பெட்ரோல் செலவாகும்.

கைக்கிளட்ச் இல்லாத கப்சாயில் கியர் குறைக்கும் முறை: மிதியை அழுத்தியபடியே பிடியுங்கள், அப்போது கிளட்ச் விடுபட்டிருக்கும். ஆக்சிலரேட்டரைச் சற்றே திருகி எஞ்சின் வேகத்தைக் கூட்டுங்கள். பிறகு மிதியை மெதுவாக விடுங்கள். சட்டென்று மிதித்து விட்டால் பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும், ஈர இலைமேல் அந்த ஒரு கணம் போதும். இதை வீட்டருகே சமதளத்தில் பழகிவிட்டு வாருங்கள்.

பிரேக்கை வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போது, இரண்டையும் சேர்த்து உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் விட்டுவிடுங்கள். இலேசாகத் தொட்டுக்கொண்டே இறங்குவது பத்திரம் என்று தோன்றும், உண்மையில் அதுதான் பிரேக்கைச் சமைக்கும். விட்ட நேரத்தில்தான் அது ஆறுகிறது. பின்பிரேக்கை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கும் ஒன்று: இறக்கத்தில் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்னால் பிடிப்பு குறைவு. முன்பிரேக்கை இரண்டு விரலால் படிப்படியாக அழுத்தப் பழகாமல் மலைக்கு வர வேண்டாம்.

ஆபத்து வருவதற்கு முன் பிரேக் சொல்லிவிடும். கைப்பிடி வழக்கத்தைவிட அதிகம் உள்ளே போகும், பஞ்சுபோல இருக்கும், கருகிய வாடை வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், கியரைக் குறைத்து, முன்பின் தெரியும் நேரான இடத்தில் நிறுத்தி, 15, 20 நிமிடம் ஆற விடுங்கள். இங்கேயும் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேப்பில் எப்படியும் ஒருமுறை நின்று டிரம்முக்கு அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம்.

ஸ்கூட்டரில் வருபவர்களுக்குக் கியர் இல்லை. எஞ்சின் பிடிப்பும் குறைவு. வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் தானாக விடுபட்டு வண்டி சும்மா உருளும். அப்போது ஒரு சிறு திருகலில் கிளட்சைப் பிடிக்க வைத்துவிட்டு மூடுங்கள், அணைக்கட்டு வருவதற்குள் இரண்டு முறையாவது நின்று பிரேக்கை ஆற்றுங்கள்.

ஆர்எக்ஸ்இசட், 125இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் எண்ணெய்ப் பம்பு ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து இயங்கும். நீண்ட நேரம் மூடியே இறங்கினால் பிஸ்டனுக்கு எண்ணெய் குறையும். இடையிடையே ஒரு முறை திறந்து மூடுங்கள்.

பின்னால் ஆள் இருந்தால் அவர் உங்கள் இடுப்பைத் தள்ளாமல், பக்கக் கம்பியைப் பிடித்து, வளைவில் உங்களோடு சேர்ந்து சாயட்டும். பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி திரும்பாது. கிளம்பும் முன்பே இதைச் சொல்லி வையுங்கள்.

12. வழியில் பழுதோ விபத்தோ நடந்தால்

முதலில் ஒருவர் வளைவுக்கு முன்னே போய் நின்று வருபவர்களை எச்சரிக்க வேண்டும். மரக்கிளையை ஒடித்துச் சாலையில் வைப்பது பகலில் உதவும். பிறகுதான் மோட்டாரைத் தூக்குவது. அவசர எண் 999. சமிக்ஞை இல்லையென்றால் ஒருவர் கேப்புக்கோ அணைக்கட்டுக்கோ போய் அழைக்கட்டும், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கு அருகில் என்பதைக் குறித்துக்கொண்டு போகட்டும். சிலாங்கூர்ப் பக்கம் மருத்துவமனை கோலகுபு பாருவில், பகாங் பக்கம் ரவூப்பில். விழுந்தவரின் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தில் அடி இருக்கலாம்.

13. வீடு திரும்பியதும்

ஞாயிறு மாலையே சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். மலை மழை பழைய எண்ணெயைக் கழுவியிருக்கும், ஓர் இரவில் துரு பிடிக்கும். டிரம் பிரேக்கின் தளர்வை மறுபடி அளந்து பாருங்கள், புது ஷூ இந்த ஒரு பயணத்திலேயே கொஞ்சம் தேய்ந்திருக்கும். ஆள் ஏற்றுவதற்காக 41 பிஎஸ்ஐ வைத்த பின்டயரை, மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் 33க்கு இறக்கிவிட்டு வேலைக்குப் போங்கள். அதே காற்றோடு மண் சாலையில் ஓட்டினால் டயர் கல்லில் துள்ளும், பிடிக்காது.